லங்காவியில் இரண்டு பாய்மரப் படகுகள்: கையில் இருக்கும் 120,000 ரிங்கிட்டுக்கு எது?

உங்கள் கேள்வியைப் பிறரும் படிக்கக்கூடும் என்பதால் முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில் வசிக்கிறீர்கள், கணவன், மனைவி, பன்னிரண்டு வயது மகள் என மூவர், நண்பர்களின் படகுகளில் நான்கைந்து ஆண்டுகள் போய்வந்து பழகியிருக்கிறீர்கள், சேர்த்து வைத்திருப்பது 120,000 ரிங்கிட். மலேசியாவின் லங்காவித் தீவில் இரண்டு படகுகளைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். ஒன்று, 1970களின் கடைசியில் தைவானில் கட்டப்பட்ட, இரண்டு பாய்மரங்கள் கொண்ட 41 அடி கெட்ச். கேட்கும் விலை 110,000. மற்றது, 1980களில் கட்டப்பட்ட, ஒற்றைப் பாய்மரம் கொண்ட 32 அடி ஸ்லூப். கேட்கும் விலை 85,000. ஆண்டுதோறும் தாய்லாந்தின் புக்கெட் வரை போய்வரவும், ஒருநாள் திருகோணமலை வரை போகவும் ஆசை. எதை வாங்கலாம், படகைச் சோதித்து அறிக்கை தரும் சர்வேயருக்கான செலவை மிச்சப்படுத்த முடியுமா, எந்தெந்தத் தாள்களைப் பார்க்க வேண்டும் என்பவை உங்கள் மூன்று கேள்விகள்.

என் பதில் 32 அடிப் படகு. சிறியது என்பது ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் நீங்கள் அனுப்பிய இரண்டு விளம்பரங்களிலேயே இருக்கிறது. ஸ்லூப்பின் விளம்பரத்தில் எஞ்சின் பிரித்துக் கட்டிய ஆண்டு, பாய்மரத்தைத் தாங்கும் கம்பி வடங்களை மாற்றிய ஆண்டு, பெரிய பாய் தைத்த ஆண்டு மூன்றும் உள்ளன. மூன்றும் கடந்த ஏழு ஆண்டுகளுக்குள் வருகின்றன. கெட்ச்சின் விளம்பரத்தில் தேக்குத் தளம், வெண்கலச் சன்னல்கள், மூன்று படுக்கையறைகள், கையால் செதுக்கிய கதவு ஆகியவை இருக்கின்றன. ஆண்டு என்று எதுவுமே இல்லை. குறைந்த பணத்தில் பழைய படகு தேடுபவர் முதலில் படிக்க வேண்டியது இந்த ஆண்டுகளைத்தான், ஏனென்றால் எஞ்சின், கம்பி வடங்கள், பாய்கள், மேல்தளம் ஆகிய நான்கில் முந்தைய உரிமையாளர் அண்மையில் போட்ட பணம் விற்பனை விலையில் அவருக்குப் பாதிகூடத் திரும்பி வருவதில்லை. அவர் போடாமல் விட்ட பணமோ முழுவதுமாக உங்கள் கையிலிருந்து போகும்.

அளவைப் பற்றிக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். இந்த இரண்டு படகுகளுக்கும் இடையில் ஒன்பது அடிதானே வித்தியாசம் என்று தோன்றும். படகு நீளும்போது அகலமும் ஆழமும் சேர்ந்தே வளர்வதால் எடை நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது: 30 அடியை 40 அடியாக்கினால் நீளம் மூன்றில் ஒரு பங்குதான் கூடும், எடையோ ஏறக்குறைய 2.4 மடங்காகும். படத்தைப் பார்த்தால் உங்கள் கெட்ச், வில்லியம் கார்டன் வரைந்த சீ வுல்ஃப் என்ற வடிவத்தைத் தழுவித் தைவான் பட்டறைகள் பல பெயர்களில் கட்டி விற்ற வகையாகத் தெரிகிறது. அந்த வகை 12 டன்னுக்குக் குறையாது. 32 அடி ஸ்லூப் 5 டன்னை ஒட்டி இருக்கும். நங்கூரம், சங்கிலி, கயிறிழுக்கும் வின்ச், பாய்த்துணி, அடிப்பகுதிக்கு ஆண்டுதோறும் பூசும் சாயம் எல்லாம் இந்த எடையின் பின்னாலேயே போகும். மரினா என்ற படகு நிறுத்துமிடத்தின் வாடகை பெரும்பாலும் அடிக் கணக்கு.

பெரிய படகு வேகமாகப் போகும் என்பது உண்மைதான், ஆனால் எவ்வளவு என்று பாருங்கள். இத்தகைய கனமான படகின் உச்சவேகத்தை, நீர்க்கோட்டில் அதன் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கி, நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் அறியலாம். நீர்க்கோட்டில் 25 அடி இருந்தால் 6.7 நாட், 33 அடி இருந்தால் 7.7 நாட். ஒரு நாட் வேகத்துக்காக இரண்டு மடங்குக்கு மேற்பட்ட எடையைச் சுமக்கிறோம். அதுவும் மலாக்கா நீரிணையின் மெல்லிய காற்றில் இரண்டு படகுகளுமே அந்த உச்சத்தைத் தொடுவது அரிது. சிறிய படகில் தூரக் கடலுக்குப் போகலாமா என்ற தயக்கம் இருந்தால், எஸ் அண்ட் எஸ் 34 என்ற 34 அடிப் படகின் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். ஜான் சாண்டர்ஸ் 1981-82இல் அந்த வகைப் படகில் நிற்காமல் உலகை இரண்டு முறை சுற்றினார். ஜெசிகா வாட்சன் 2009-10இல் பதினாறு வயதில் அதே வகையில் தனியாகச் சுற்றிவந்தார். வாட்சனின் படகு பழையதாக வாங்கிப் புறப்படுவதற்கு முன் பிரித்துச் சீர்செய்யப்பட்டது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

அடுத்து, நீங்கள் ஓட்டப்போகும் கடல். டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் லங்காவிக்கும் புக்கெட்டுக்கும் இடையே ஓட்டுவதைப் போன்ற இன்பம் வேறு இல்லை. கடல் தட்டையாக இருக்கும், காற்று கரையிலிருந்து வரும். புக்கெட்டிலிருந்து திருகோணமலைக்கு ஆயிரம் கடல் மைலுக்குச் சற்று மேல். அதற்கு ஏற்ற காலமும் அதுதான், காற்று உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். மற்ற மாதங்களில் நீரிணையில் பகல் முழுவதும் காற்றே இருக்காது. விடிவதற்கு முன் சுமத்ராப் பக்கத்திலிருந்து கருமேகம் எழுந்து, அரை மணி நேரம் அடித்து நொறுக்கிவிட்டுப் போகும். அந்தப் புயலுக்கே ‘சுமத்ரா’ என்றுதான் பெயர். மின்னலும் இங்கே மிக அதிகம். ஆகவே பினாங்கில் வாழும் ஒருவருக்குப் பாய்மரப் படகின் பாதி எஞ்சின்தான். ஐரோப்பாவில் எழுதப்பட்ட கையேடுகளைப் படித்துவிட்டு எஞ்சினை இரண்டாம் இடத்தில் வைத்துவிடாதீர்கள்.

லங்காவியில் படகு மலிவாகக் கிடைப்பது ஏன் என்று தெரிந்துகொண்டால் பேரம் பேசவும் உதவும், எச்சரிக்கையாக இருக்கவும் உதவும். அந்தத் தீவு 1987 முதல் வரியில்லாத் தீவு. ஆஸ்திரேலியாவிலிருந்தும் பசிபிக் கடலைக் கடந்தும் வருபவர்கள் இங்கே வந்து ஓர் ஆண்டு இளைப்பாறுவார்கள். அடுத்து இந்தியப் பெருங்கடல் முழுவதும் கிடக்கிறது என்ற நினைவிலேயே பலருக்குப் பயணம் இங்கே முடிந்துவிடும். சோமாலியக் கடற்கொள்ளை உச்சத்தில் இருந்தபோது, 2011 பிப்ரவரியில் குவெஸ்ட் என்ற படகில் இருந்த நான்கு அமெரிக்கர்கள் கொல்லப்பட்டதும், செங்கடல் வழியாக ஊர் திரும்ப எண்ணியிருந்தவர்கள் பலர் மனம் மாறினார்கள். வயது, உடல்நலம், பேரப்பிள்ளைகள் என்று மற்றக் காரணங்களும் உண்டு. இப்படி விற்பவர்களில் இரண்டு வகை. பயணத்தை முடித்த கையோடு, படகு ஓடும் நிலையில் இருக்கும்போதே விற்பவர் ஒரு வகை, அவரிடம் வாங்கலாம். படகைக் கரையேற்றி முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு ஊருக்குப் போனவர், ஐந்தாறு ஆண்டுகள் கழித்துத் தொலைபேசியிலேயே விற்பது இன்னொரு வகை. நம் வெயிலிலும் மழையிலும் மூடிய படகு ஐந்து ஆண்டு நின்றால், கடலில் பத்து ஆண்டு ஓடியதைவிட மோசமாகக் கெடும் என்பது நான் கண்டறிந்தது. இன்னொன்று: 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் லங்காவியின் ரெபாக் மரினாவும் தெலாகா துறைமுகமும் சேதமடைந்தன. உங்கள் இரண்டு படகுகளில் எதுவாவது அன்றைக்கு அங்கே நின்றிருந்ததா என்று கேளுங்கள்; நின்றிருந்தால், யார் எப்படிப் பழுது பார்த்தார் என்பதற்குத் தாள் கேளுங்கள்.

இப்போது கெட்ச்சின் தேக்குத் தளத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் மனைவிக்குப் பிடித்தது அதுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். அழகுதான், மறுக்கவில்லை. அந்தக் காலத் தைவான் படகுகளின் மேல்தளம் மூன்று அடுக்கு: மேலும் கீழும் ஃபைபர், நடுவில் பால்சா மரம் அல்லது ஒட்டுப்பலகைத் துண்டுகள். அதன் மேல் தேக்குச் சட்டங்களைத் திருகாணி போட்டு முடுக்கியிருப்பார்கள். 41 அடிப் படகு என்றால் ஆயிரத்துக்குக் குறையாத திருகாணிகள். ஒவ்வொன்றும் மேல் ஃபைபரைத் துளைத்து நடு மரத்துக்குள் இறங்கிய ஒரு துளை. நாற்பது ஆண்டுகளில் தேக்கு தேய்ந்து மெலிந்து, திருகாணித் தலையை மூடியிருக்கும் மரக் குமிழ்கள் கழன்றுவிட, மழைநீர் ஒவ்வொரு துளை வழியாகவும் இறங்கும். நடு மரம் ஊறி, பிறகு மக்கி, ஈரக் காகிதக் கூழைப் போல ஆகிவிடும். மேலே நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது.

தெரிந்துகொள்ளும் வழி எளிது. ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிப் பிடித்து, அதன் பிளாஸ்டிக் பிடியால் ஒரு கையகலத்துக்கு ஒரு தட்டு என்று தளம் முழுவதும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் ‘டிக், டிக்’ என்று கூர்மையாகக் கேட்கும். ஊறிய இடத்தில் தலையணையைத் தட்டியதுபோல் ‘தொப்’ என்று அடங்கிவிடும். பாய்மரத்தின் அடியைச் சுற்றியும், கம்பி வடங்கள் தளத்தைச் சந்திக்கும் இடங்களிலும், கைப்பிடிக் கம்பங்களின் காலடியிலும் அவசரப்படாமல் தட்டுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பருக்காக இதே வகைப் படகு ஒன்றைப் பார்க்கப் போனேன். ‘தொப்’ என்ற இடத்தில், உரிமையாளரின் அனுமதியோடு ஒரு மரக் குமிழைத் தோண்டி எடுத்துத் திருகாணியைக் கழற்றினோம். கழற்றினோம் என்பதுகூடத் தவறு; விரல் நகத்திலேயே அது வெளியே வந்தது, பின்னாலேயே தே ஓ எனும் பாலில்லாத் தேநீரின் நிறத்தில் நீர் ஊறி வந்து குழியை நிரப்பியது. மழை பெய்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அந்தப் படகின் தளத்தை முழுவதும் உரித்து, நடு மரத்தை மாற்றி, மறுபடி ஃபைபர் போட்டு முடிக்க ஒருவர் தனியாகச் செய்தால் ஓர் ஆண்டு ஆகும். பட்டறையில் கொடுத்தால் படகின் விலையையே தாண்டிவிடும். நண்பர் வாங்கவில்லை.

இதே வகைப் படகுகளில் வேறு மூன்று இடங்களையும் பார்க்க வேண்டும். கம்பி வடங்களைப் படகின் உடலோடு இணைக்கும் செயின்பிளேட் என்ற எஃகுத் தகடுகள் பல தைவான் படகுகளில் ஃபைபருக்குள்ளோ மர அலமாரிகளுக்குப் பின்னாலோ மறைந்திருக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் காற்றுப் படும் இடத்தில்தான் துருவைத் தாங்கும். ஈரம் தேங்கி, காற்றுப் புகாத இடுக்கில் அது உள்ளுக்குள்ளேயே விரிசல் விடும். அலமாரிக்குள் விளக்கடித்து, மரத்தில் பழுப்பு நிறக் கண்ணீர்க் கோடு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது டீசல் தொட்டி. கறுப்பு இரும்பால் செய்து, பிறகு அதன் மேல் தரையையும் எஞ்சினையும் கட்டியிருப்பார்கள். ஓட்டை விழுந்தால் எஞ்சினைத் தூக்காமல் எடுக்க முடியாது. மூன்றாவது, பாய்மரம் அலுமினியமா மரமா என்பது. மரமாக இருந்தால் இணைப்புப் பசை விட்ட இடங்களைத் தேடுங்கள். இவை மூன்றும் நல்லபடியாக இருந்து, தளமும் ‘டிக்’ என்று கேட்கும் கெட்ச் உலகில் இல்லாமல் இல்லை. அப்படிப்பட்டது 110,000க்கு வருவதுதான் அரிது.

ஸ்லூப்புக்கும் கண்ணை மூடிக்கொண்டு சரி என்று சொல்லிவிட மாட்டேன். அந்த வயதுப் படகில் கீல், அதாவது கவிழாமல் காக்கும் அடியெடை, ஈயமோ இரும்போ தனியாக வார்த்துப் போல்ட் போட்டு முடுக்கியதாக இருக்கும். கரையேற்றியதும் கீலும் உடலும் சேரும் கோட்டைப் பாருங்கள். முன்முனையில் புன்னகைபோல ஒரு விரிசல் இருந்தால் படகு எங்கோ பாறையில் முட்டியிருக்கலாம். அத்தோடு விடாமல் உள்ளே போய், கீலின் பின்முனைக்கு மேலே தரைப்பலகையைத் தூக்கி, குறுக்கு விட்டங்கள் உடலிலிருந்து பிரிந்திருக்கின்றனவா என்று பாருங்கள், ஏனென்றால் முன்னால் வாங்கிய அடி பின்முனையை மேல்நோக்கி நெம்பும். இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2014 மே மாதம் சீக்கி ரஃபிக்கி என்ற 40 அடிப் படகின் கீல் அட்லாண்டிக் நடுவில் கழன்று நான்கு பேர் இறந்தார்கள். முந்தைய தரைதட்டல்களும் அவற்றுக்குப் பிறகு நடந்த பழுதுபார்ப்பும் சேர்ந்து அமைப்பைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்று பிரிட்டனின் கடல்விபத்து விசாரணைப் பிரிவு எழுதியது. புக்கெட்டில் வாடகைக்கு ஓடிய படகுகளை வாங்குபவர்கள் இந்த இடத்தில் கூடுதல் நேரம் செலவிட வேண்டும். வாடகைக்கு எடுத்தவர் தரைதட்டியதை வந்து சொல்லியிருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

ஃபைபர் அடிப்பகுதியில் சிறு கொப்புளங்கள் இருந்தால் பலர் பதறுகிறார்கள். நான்கைந்து கொப்புளத்தால் எந்தப் படகும் மூழ்கியதில்லை. விலையைக் குறைக்கச் சொல்ல அது நல்ல காரணம், அவ்வளவுதான். சுக்கானைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். படகு தரையில் மூன்று நாள் நின்ற பிறகும் சுக்கானின் கீழ்முனையிலிருந்து நீர் சொட்டினால், உள்ளே இருக்கும் எஃகுச் சட்டம் ஈரத்தில் கிடக்கிறது என்று பொருள். கழிப்பறைக்கும் எஞ்சினுக்கும் கடல்நீர் வரும் துளைகளில் இருக்கும் சீகாக் வால்வுகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பாருங்கள். திரும்பாதது, வெண்கலமாக இல்லாமல் பித்தளையாக இருப்பது, சுரண்டினால் இளஞ்சிவப்பாகத் தெரிவது ஆகிய மூன்றும் மாற்ற வேண்டியவை. அந்த இளஞ்சிவப்பு, துத்தநாகம் கரைந்து போய்ச் செம்பு மட்டும் கடற்பஞ்சுபோல் மிஞ்சியிருப்பதன் நிறம். நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே ஓர் அங்குலத் துளை திறந்துகொண்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 60 லிட்டர் உள்ளே வரும்.

எஞ்சினைப் பற்றி என் சொந்த முட்டாள்தனம் ஒன்றைச் சொல்கிறேன். என் முதல் படகை வாங்கப் போன காலையில், விற்றவர் காப்பி கொடுத்து உபசரித்து, சாவியைத் திருப்பினார். எஞ்சின் தொட்டதும் எழுந்தது. மகிழ்ந்து போய்க் கைகுலுக்கினேன். நான் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அவர் அதை ஓடவிட்டுச் சூடாக்கியிருந்தார் என்பதைப் பக்கத்துப் படகுக்காரர் சொல்லித்தான் பிறகு அறிந்தேன். அடுத்த நாள் குளிர்ந்த எஞ்சின் எழவே இல்லை. ஆகவே, போனதும் முதலில் எஞ்சின் மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் ‘நாளைக்கு வருகிறேன்’ என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். குளிர்ந்த நிலையில் எழுந்தால், பின்னால் போய்ப் புகையைப் பாருங்கள்: நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது, கறுப்பு நிற்காமல் வந்தால் காற்றுப் போதவில்லை அல்லது எஞ்சின் திணறுகிறது, வெண்மை சில நிமிடங்களில் அடங்காவிட்டால் டீசல் சரியாக எரியவில்லை அல்லது உள்ளே நீர் புகுகிறது. எண்ணெய்க் கோலை உருவிப் பார்க்கையில் தே தாரேக் எனும் பால் தேநீரின் நிறம் தெரிந்தால் நீர் கலந்திருக்கிறது. பிறகு ஒரு மணி நேரமாவது, படகு நகரும்போது, முழு வேகத்துக்குச் சற்றுக் கீழே ஓட்டிப் பார்க்க வேண்டும். மரினாவில் கட்டிப்போட்டு ஓட்டுவது எதையும் நிரூபிக்காது.

ஸ்லூப்பில் இருப்பது யான்மார் 2ஜிஎம்20எஃப் என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசியில் இருக்கும் அந்த ‘எஃப்’ முக்கியம்: எஞ்சினுக்குள் நன்னீர் சுற்றுகிறது, கடல்நீர் வெப்பமாற்றியோடு நின்றுவிடுகிறது. எஃப் இல்லாத அதே எஞ்சினில் கடல்நீர் எஞ்சின் உடலுக்குள்ளேயே ஓடும். முப்பது ஆண்டு ஓடியதை நான் வாங்க மாட்டேன். எஞ்சின் தகட்டில் எழுதியிருப்பதை நேரில் படியுங்கள், விளம்பரத்தை நம்பாதீர்கள். ‘பிரித்துக் கட்டியது’ என்ற சொல்லுக்கும் எல்லை கிடையாது. புது பிஸ்டன் வளையமும் போடலாம், வெறும் சாயமும் அடிக்கலாம். பாகங்கள் வாங்கிய ரசீது இல்லாவிட்டால் அந்த வேலை நடக்கவில்லை என்றே கணக்கில் கொள்ளுங்கள். புகையும் கடல்நீரும் கலந்து வெளியேறும் எல்போவைக் கழற்றி, உள்ளே கரி அடைத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சின்ன வேலை, நிறையச் சொல்லும்.

கம்பி வடங்களுக்குப் பத்து ஆண்டு என்பது காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. மெல்லிய காகிதக் கைக்குட்டை ஒன்றைக் கம்பியைச் சுற்றிப் பிடித்து மேலிருந்து கீழாக இழுத்தால், அறுந்த இழை எங்கே இருந்தாலும் காகிதத்தைக் கிழித்துக் காட்டிவிடும்; விரலால் மட்டும் செய்துவிடாதீர்கள். பாய்களில் துணியைவிடத் தையல்தான் வெயிலில் முதலில் சாகும். தையல் நூலைக் கட்டைவிரல் நகத்தால் கீறுங்கள். அறுந்தால் மறுதையல் போட வேண்டும், துணியும் வெற்றிலைச் சருகுபோல் மடங்கினால் புதுப் பாய்தான்.

சர்வேயர் செலவை மிச்சப்படுத்தலாமா என்றால், கூடாது. ஆனால் முதல் நாளே அவரை அழைக்காதீர்கள். மேலே சொன்னவற்றை நீங்களே ஒரு முழு நாள் பார்த்து, படகு தேறினால், ‘சர்வே திருப்தியாக இருந்தால்’ என்ற நிபந்தனையோடு எழுத்தில் விலை பேசி, முன்பணம் கொடுத்து, அதன் பிறகு அழையுங்கள். தரகர் பரிந்துரைக்கும் சர்வேயரைத் தவிர்த்து, அதே மரினாவில் அண்மையில் படகு வாங்கிய இருவரிடம் கேட்டு ஆளைத் தேர்ந்தெடுங்கள். கரையேற்றும் செலவு வாங்குபவருடையது என்பது வழக்கம். சர்வேயர் உடலைப் பார்ப்பார். எஞ்சினைத் திறக்க மாட்டார், பெரும்பாலும் பாய்மரத்தில் ஏறவும் மாட்டார். அவை இரண்டுக்கும் தனித்தனி ஆள் வேண்டும், அல்லது ஏறத் தெரிந்த நண்பர் வேண்டும். அவர் தரும் அறிக்கை பேரத்துக்கு மட்டும் பயன்படுவதில்லை. பெரும்பாலான மரினாக்கள் மூன்றாம் தரப்புக் காப்பீடாவது கேட்கும், இத்தனை பழைய படகுக்கு அறிக்கை இல்லாமல் காப்பீடு கிடைப்பது கடினம். ஃபெரோசிமெண்ட் என்ற கம்பிவலைச் சிமெண்டில் கட்டிய படகுகள் ஆசைகாட்டும் விலையில் வருவதும் இதனால்தான். உள்ளே கம்பி துருவேறியிருப்பதை வெளியிலிருந்து எந்தச் சர்வேயராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

தாள்களில், விற்பவர் பெயரும் பதிவுச் சான்றிதழில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கிறதா, உடலில் பொறித்த எண்ணும் அதில் இருக்கும் எண்ணும் பொருந்துகின்றனவா என்று முதலில் பாருங்கள். தொடர்ச்சியான விற்பனைப் பத்திரங்கள், கடன் நிலுவை இல்லை என்ற உறுதி, மரினா வாடகைப் பாக்கி இல்லை என்று மரினா அலுவலகமே தரும் கடிதம் ஆகியவை வேண்டும். வெளிநாட்டுக் கொடியில் இருக்கும் படகென்றால், அந்த நாட்டின் பதிவிலிருந்து நீக்கிய சான்று கையில் வந்த பிறகுதான் மலேசியக் கடல்துறையான ஜபாத்தான் லாவுட்டில் உங்கள் பெயரில் பதிய முடியும். கடைசித் தவணையை அந்தச் சான்று வரும்வரை பிடித்து வையுங்கள். உங்களுக்கு இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. நீங்கள் படகை வைத்திருக்கப் போவது பினாங்கில். வரியில்லாத் தீவில் வாங்கியதைத் தீபகற்பத்துக்குக் கொண்டுவருவது சுங்கத் துறையின் கண்ணில் இறக்குமதி. அந்தப் படகுக்கு என்ன கட்ட வேண்டியிருக்கும் என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சுங்க அலுவலகத்தில் எழுத்து வடிவில் கேட்டுப் பெறுங்கள். தரகரும் பக்கத்துப் படகுக்காரரும் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

விலையைப் பொறுத்தவரை, 85,000 கேட்கும் ஸ்லூப்புக்கு நான் 70,000இல் தொடங்குவேன். சர்வே அறிக்கையில் பெரிய குறை இல்லாவிட்டால் 78,000 வரை போவேன். மீதி 42,000இல் சர்வே, கரையேற்றம், பதிவு, காப்பீடு, சுங்கம் என்று ஒரு பகுதி போகும். எஞ்சியதை முதல் ஆண்டிலேயே சீகாக்குகள், எல்போ, எரிபொருள் வடிகட்டிகள், இப்போது தொங்குவதைவிட ஓர் அளவு பெரிய நங்கூரம், சங்கிலி ஆகியவற்றில் போடுங்கள். சூரியத்தகடு இரண்டாம் ஆண்டில் வாங்கலாம். மெத்தை உறையும் திசைகாட்டும் திரையும் அதற்கும் பிறகு வரட்டும். மின்னல் விழுந்தால் முதலில் போவது அந்தத் திரைதான், கையில் இருக்கும் தொலைபேசியும் காகித வரைபடமும் புக்கெட் வரை போதும். இப்போது அக்டோபர் மழைக்காலம் என்பது உங்களுக்கு நல்லதே. பலத்த மழை பெய்த மறுநாள் காலையில், விற்பவருக்கு முன்கூட்டிச் சொல்லாமல் லங்காவியின் குவா நகருக்குப் போய்ச் சேருங்கள். சன்னல்களுக்குக் கீழேயும் செயின்பிளேட்டுகளுக்குக் கீழேயும் அலமாரிகளுக்குள் கையை விட்டுத் தடவிப் பாருங்கள்; விரல் காய்ந்து வந்தால் எனக்கு எழுதுங்கள், சர்வேயரிடம் கேட்க வேண்டியவற்றைச் சேர்ந்து எழுதுவோம்.